ஒரு பல் வலப்பக்கம்

ஜனவரி 22, திங்கள்

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. தூக்கிப் போட மனசில்லை. இன்றிலிருந்து இதில் எழுதப்போகிறேன். யாரிடமாவது கொட்ட வேண்டும், கொட்ட ஆள் இல்லை.

பிறகு எடுத்துப் படிக்கும்போது எனக்கே புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் முத்துஅபிநயா, மூன்றாம் வருடம், எலக்ட்ரானிக்ஸ். எங்கள் காலேஜிலிருந்து முதல் முறையாகக் கோயம்புத்தூர் போட்டிக்கு ஒரு குட்டி ரேஸ் கார் போகிறது. முழங்கை நீளம்தான் இருக்கும். ரிமோட் கிடையாது. முன்னால் இருக்கும் கேமரா தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்க்கும், உள்ளே என் புரோகிராம் கணக்குப் போடும், வண்டி தானாக வளைந்து ஓடும். என் புரோகிராம். வண்டியையும் டிசம்பர் லீவில் நானேதான் மாட்டினேன். என் கிளாஸ் ஜெபஸ்டினும் கூட இருந்தான். ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தான், போனில் பாட்டுப் போட்டான்.

இன்றைக்கு எங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும் பொன்மாரி சார் லேபுக்கு வந்து, "உங்க டீம்ல ரெண்டே பேருதான இருக்கீங்க, இசக்கியையும் சேத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களைக் கேட்கவில்லை, சொன்னார்.

இசக்கியம்மாள் டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தவள். ஒன்றரை வருடமாகக் கடைசி பெஞ்ச். நானும் அவளும் பேசியது மொத்தம் பத்து வார்த்தை தேறாது. கயத்தாறில் அவள் அம்மா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம். மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார், எது புகைந்தாலும் அங்கேதான் போகுமாம்.

வந்தவள் வண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன் சக்கரத்தை விரலால் லேசாக அசைத்து, அதைத் திருப்பும் பிளாஸ்டிக் கையைக் குனிந்து பார்த்தாள்.

"இந்த ஸ்டீயரிங் கை யாரு மாட்டுனது?"

"நான்தான். ஏன்?"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றாள்.

"அது கரெக்டா செட் பண்ணது. அதை மட்டும் யாரும் தொடாதீங்க" என்றேன். இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

ஜனவரி 24, புதன்

சார் ஒரு நீள ரெஜிஸ்டர் கொண்டுவந்து வைத்தார். "வண்டியில எந்த மாத்தம் பண்ணாலும் இதுல வரணும். ஒரு ஸ்க்ரூவத் திருகினாக்கூட. தேதி, என்ன மாத்தம், கையெழுத்து. எழுதாம எவனாவது கைய வச்சான்னு தெரிஞ்சுது, டீம விட்டே தூக்கிருவேன்" என்றார். இசக்கி ஸ்கேல் வைத்து முப்பது பக்கத்துக்கும் கோடு போட்டுவிட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை.

ஜனவரி 25, வியாழன்

அவள் சால்டரிங் வைக்கிற அழகைப் பார்க்கப் பக்கத்து லேபிலிருந்து ஆள் வருகிறது. ஈயம் தொட்டு வைத்தால் ஈயம்தானே. இதில் என்ன அழகு?

ஜனவரி 30, செவ்வாய்

லேப் தரையில் டேப் ஒட்டி முதல் முழு ஓட்டம். வளைவுகளில் வண்டி அருமையாகத் திரும்புகிறது. நேர்க்கோட்டில்தான் வலப்பக்கம் இழுக்கிறது. கேமரா பார்த்துத் திருத்துகிறது, மறுபடி இழுக்கிறது, மறுபடி திருத்துகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோ போகிற மாதிரியே இருக்கிறது. ஜெபஸ்டின் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஸ்டீயரிங் நடுவுல நிக்கலையோ?" என்றாள் இசக்கி, மெதுவாக.

"கேமராதான் பிரச்சனை. டியூப்லைட் வெளிச்சம் ஒரு பக்கமா அடிக்குது" என்றேன்.

"அப்படியும் இருக்கும்" என்று விட்டுவிட்டாள். வாதாடத் தெரியாதவள்.

கேமராவுக்கு அட்டையில் குல்லா செய்து மாட்டினேன். ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இழுப்பது அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

போட்டி விதிகள் வந்துவிட்டன. டிராக்குக்குள் ஒரே ஒருவர்தான் போகலாம். அவர் வண்டியைக் கோட்டில் வைத்து சுவிட்சைப் போட வேண்டும். அவருக்குப் பெயர் டிரைவர். சான்றிதழிலும் அப்படியே அச்சாகும். மொத்தம் இரண்டு வாய்ப்பு, நடுவில் இரண்டு நிமிடம்.

நான் அப்போதே அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டேன். அப்பா எட்டயபுரம் ரூட்டில் பஸ் ஓட்டுகிறார். "நானும் டிரைவர்ப்பா" என்றேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் கண்டக்டர் சமுத்திரம் மாமாவில் ஆரம்பித்து, முன் சீட்டில் உட்காரும் பூக்கார அக்கா வரை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

வேறு யார் டிரைவராக முடியும்? புரோகிராம் என்னுடையது.

பிப்ரவரி 9, வெள்ளி

சார் குண்டைத் தூக்கிப் போட்டார். டிரைவரைப் பரீட்சை வைத்துத்தான் எடுப்பாராம். அடுத்த வெள்ளி ஆளுக்கு ஐந்து ஓட்டம். "எனக்கு வேண்டாம் சார், எனக்குக் கை நடுங்கும்" என்று ஜெபஸ்டின் ஒதுங்கிக்கொண்டான். இசக்கியும் ஒதுங்குவாள் என்று பார்த்தேன். "சரி சார்" என்றாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மெஸ்ஸில் ஜெபஸ்டின் அவள் தட்டிலிருந்து அப்பளம் எடுத்துத் தின்றான். மூன்று வருடமாக என் அப்பளத்தைத்தான் திருடிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி

இசக்கி ஜெயித்துவிட்டாள்.

ஐந்து ஓட்டத்திலும் அவள் நேரம்தான் குறைவு. அதே வண்டி, அதே புரோகிராம், அதே தரை. நான் வண்டியைக் கோட்டுக்கு நேராக, அச்சடித்த மாதிரி வைத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் மூக்கை ஒரு இம்மி இடப்பக்கம் சாய்த்து வைத்தாள். ஒழுங்காக வைக்கக்கூடத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்தேன். அப்புறம் சார் ஸ்டாப்வாட்சைக் காட்டினார்.

"கை ராசிம்மா இவளுக்கு" என்றார் சார். நாலு மாதமாக ராத்திரி பகல் பார்க்காமல் புரோகிராம் எழுதியவளுக்கு ராசி இல்லை போலிருக்கிறது.

"அபி, உனக்கு வருத்தமில்லையே?" என்று வராந்தாவில் கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு வயிறு பற்றி எரிகிறது. இதில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கெட்டவளாக இருந்தால்கூட நிம்மதியாக வெறுக்கலாம், அதற்கும் வழியில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

அப்பா போன் பண்ணினார். "டிரைவரம்மா, ரோட்டுல ஹாரன் அடிச்சுப் போ" என்றார். சரிப்பா என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி. கோயம்புத்தூர்

காலையில் வந்து சேர்ந்தோம். எங்களுக்கும் இன்னும் எட்டு காலேஜ் பெண்களுக்கும் அவர்கள் ஹாஸ்டலில் இடம். மதியம் பயிற்சி ஓட்டம். இசக்கி வைத்தாள், சுவிட்சைப் போட்டாள், வண்டி ஆடி ஆடிப் போனது. இருபத்திரண்டு வண்டியில் ஒன்பதாவது. முதல் மூன்று வண்டிகள்தான் மார்ச்சில் இறுதிப் போட்டிக்குச் சென்னை போகும். பக்கத்து டீம் பையன் ஒருவன், "உங்க வண்டிக்குக் கால் சுளுக்கா?" என்று கேட்டான்.

இசக்கி சாரிடம், "சார், ஸ்டீயரிங்க நான் ஒருதடவ பிரிச்சுப் பாக்கட்டா?" என்றாள்.

சார் என்னைப் பார்த்தார். "அபி என்ன சொல்லுத?"

"வேண்டாம் சார். இப்பப் போய்ப் பிரிச்சா இருக்கிறதும் போயிரும்" என்றேன்.

"சரி, இதுக்கு மேல யாரும் எதையும் தொடாதீங்க. ஓடுறபடி ஓடட்டும்."

அவள் கேட்டது எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஏன் ஸ்டீயரிங்? சாயங்காலம் அவள் குளிக்கப் போனதும் வண்டியைக் கட்டில்மேல் வைத்து மேல்மூடியைக் கழற்றினேன்.

சக்கரத்தைத் திருப்புவது தீப்பெட்டி அளவு மோட்டார். அதன் தலை பல் பல்லாக இருக்கும். அந்தப் பல்லில் ஒரு பிளாஸ்டிக் கையை மாட்டுவோம். மோட்டார் திரும்பினால் கை திரும்பும், கை திரும்பினால் சக்கரம் திரும்பும். மோட்டார் நடுவில் நிற்கும்போது சக்கரமும் நேராக நிற்க வேண்டும்.

கை ஒரு பல் வலப்பக்கம் தள்ளி மாட்டியிருந்தது. டிசம்பரில் மாட்டியது நான். "கரெக்டா செட் பண்ணது" என்று சொன்னதும் நான். கேமராவுக்குக் குல்லா போட்டதும் நானேதான்.

கையைக் கழற்றிச் சரியாக மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதினால் இத்தனை நாள் வண்டி ஆடியது யாரால் என்று ஊருக்கே தெரியும். அதைவிட, அவள் கேட்டதுதான் சரி என்று ஆகிவிடும்.

புரோகிராமைத் திறந்தேன். ஸ்டீயரிங்கின் நடு எண், அதாவது மோட்டார் எங்கே நடுவாக நிற்க வேண்டும் என்று சொல்லும் எண், தொண்ணூறு. அதை எழுபத்தாறு ஆக்கினேன். சுவிட்சைப் போட்டால், மாட்டிய கை கோணலாகவே இருக்க, சக்கரம் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. இனி ஆடாது என்பதால் வேகத்தையும் கூட்டிவைத்தேன். மூடியை மாட்டினேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் பேட்டரியையும் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டேன்.

நாளை வண்டி ஜெயித்தால் அது என் எண்ணால்தான். டிரைவர் யாராக இருந்தால் என்ன? எனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குளியலறை வாசலில் எட்டு காலேஜ் பெண்களும் வரிசை. நான் முக்கால் மணி நேரம் வாளியோடு நின்றேன். திரும்பி வந்தபோது இசக்கி வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பேட்டரி இன்னும் சார்ஜில்தான் இருந்தது. "நல்லா ஓடும் அபி" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

எங்கள் முறை வந்ததும் வண்டியைக் கொண்டுபோய் வைத்தாள். இந்தத் தடவை மூக்கைச் சாய்க்கவில்லை, கோட்டுக்கு நேராக வைத்தாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சுவிட்சைப் போட்டால் இரண்டு நொடியில் கிளம்பிவிடும். போட்டதும் முன் சக்கரம் இரண்டும் பட்டென்று இடப்பக்கம் திரும்பின. இசக்கி குனிந்து கை நீட்டுவதற்குள் வண்டி பாய்ந்து, கோட்டைத் தாண்டி, ஓரத்து ஸ்பாஞ்ச் கட்டையில் முட்டிக் கவிழ்ந்தது. மூன்று நொடி இருக்கும்.

முதல் வாய்ப்பு போச்சு. அறிவிப்பாளர் இரண்டு நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

எழுபத்தாறு எப்படித் தப்பாகும்? நான்தான் பார்த்தேனே, நேராக நின்றதே.

சார் ஓடிவந்தார். "யாரு என்ன பண்ணீங்க? சொல்லித் தொலைங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. லேப்டாப் என் பையில், பை என் தோளில் இருந்தது.

"நான்தான் சார்" என்றாள் இசக்கி. "காலைல துடைக்கும்போது ஸ்டீயரிங் கை கழண்டுருச்சு. திரும்ப மாட்டுனேன். ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன்போல. பேட்டரி இல்லாததால ஆன் பண்ணிப் பாக்கல."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கை கழன்று விழுகிற கை இல்லை, ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. அவள் கழற்றிச் சரியாக மாட்டியிருக்கிறாள். அதே கோணலை நான் எண்ணில் சரி செய்திருந்தேன். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து சரி செய்ததில் வண்டி இடப்பக்கம் ஓடிவிட்டது. அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "யாரு மாட்டுனது" என்று கேட்டாள், நான் சொன்னேன், அதோடு வாயை மூடிக்கொண்டாள். பரீட்சையிலிருந்தே அதற்காகத்தான் மூக்கைச் சாய்த்துச் சாய்த்து வைத்து ஓட்டியிருக்கிறாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல? ரெஜிஸ்டர்ல எழுதுனியா?" என்று சார் கத்தினார்.

"இல்ல சார்."

"உன்ட்ட நான் இத எதிர்பாக்கல. பழையபடி மாட்டு, போ."

தொண்ணூறு என்று திருத்த எனக்கு இருபது நொடி போதும். 'நானும் ஒன்று செய்தேன்' என்று சொல்ல அதுகூட வேண்டாம். ஜெபஸ்டின், "ஏன் இசக்கி, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்றான். அவன் குரலிலும் கோபம் இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு உள்ளே குளிர்ந்தது.

அவள் தரையில் மண்டியிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, கையை ஒரு பல் கோணலாக மாட்டினாள். நான் மாட்டியிருந்த அதே இடத்தில். சுவிட்சைப் போட்டாள்.

சக்கரம் நேராக நின்றது. வண்டி நூல் பிடித்துப் போனது. ஆட்டமே இல்லை. அரங்கம் கைதட்டியது. இரண்டாம் இடம். எங்களுக்கு முன்னால் வந்த டீமுக்கும் எங்களுக்கும் அரை நொடிதான்.

எல்லோரும் குதித்தார்கள். இசக்கி குதிக்கவில்லை. டிராக்குக்குள் நின்றபடி முன் சக்கரத்தைப் பார்த்தாள். கோணலாக மாட்டிய கை எப்படி நேராக ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா? அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் ஜெபஸ்டினோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் சொன்னார்: "சென்னைக்கு அபி டிரைவர். சொல்லாம கொள்ளாம கை வைக்கிற ஆளு நமக்கு வேண்டாம்."

இசக்கி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் விலக்கு வரை திரும்பவே இல்லை. நான் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். இப்போது பொய்கூட இல்லை, நிஜமாகவே நான்தான் டிரைவர்.

பிப்ரவரி 26, திங்கள்

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள், அவ்வளவுதான்.

லேபில் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். கடைசியாக அவள் எழுத்து: "24.02, காலை. ஸ்டீயரிங் கையை ஒரு பல் நகர்த்தியது. எழுதாமல் விட்டது என் தவறு." கீழே கையெழுத்து.

அந்த வரிக்கு மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறாள். காலி என்றும் சொல்ல முடியாது. தேதி மட்டும் இருக்கிறது: 23.02.

இதற்கு அவள் என்னை நாலு பேர் முன்னால் வைத்து ஏசியிருக்கலாம். சாரிடம் போட்டுக் கொடுத்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். தேதியைப் போட்டு வரியை விட்டு வைக்கிற புத்தி எனக்கு வந்திருக்காது. அதை நினைத்தால்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிகிறது. கை வேலையில் ஜெயித்தாள், சரி. இதிலுமா?

பேனாவை எடுத்தேன். ஜெபஸ்டின் உள்ளே வந்தான். மூடிவிட்டேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

எழுதிவிட்டேன்.

ஒரே வரிதான் இருந்தது. நான் எழுத வேண்டியதோ ஒரு பக்கம். பொடி எழுத்தில் இடுக்கி எழுதினேன்: "நடு எண் 90லிருந்து 76, வேகம் கூட்டியது. காரணம், டிசம்பரில் ஸ்டீயரிங் கையை ஒரு பல் தள்ளி மாட்டியது நான்தான். இசக்கி மாட்டியதுதான் சரி. இரண்டு நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும்." கையெழுத்துப் போட்டு, நானே எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அன்னைக்கு அவள அத்தன பேரு முன்னாடி ஏசினேன். நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா சார்."

"சென்னைக்கு இசக்கிதான் டிரைவர்."

"சரி சார்."

இல்லம்மா, நீயே இரு, நீதான் ஒத்துக்கிட்டியே என்று சொல்வார் என்று எனக்கு ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. சொல்லவில்லை. இசக்கியைக் கூப்பிட்டு, "தப்பா பேசிட்டேம்மா" என்றார். அவள் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நானும் எழுதாமத்தான சார் கை வச்சேன்" என்றாள்.

வராந்தாவில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். வண்டி எடுக்கும் நேரம்.

"சொல்லுங்க டிரைவரம்மா."

"அப்பா, நான் டிரைவர் இல்ல. முதல்ல இருந்தே இல்ல. நடுவுல ரெண்டு நாள் இருந்தேன், அதுவும் ஏமாத்தி வாங்குனது. இசக்கிதான் டிரைவர்."

அப்பா ஹாரனை ஒரு தடவை அடித்தார்.

"அப்போ நீ யாரு, கண்டக்டரா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். சமுத்திரம் மாமா பின்னால் விசில் ஊத, அப்பா அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டார். பூக்கார அக்காவுக்கு இனி அவர் என்ன சொல்வாரோ.

லேபுக்குத் திரும்பினால், இசக்கி மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். பிளாஸ்டிக் கை தனியாக மேஜையில் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினாள்.

"நீயே மாட்டு அபி. நான் லைட் அடிக்கேன்."

"நீ மாட்டு. உனக்குத்தான் கை ராசி."

"ஏட்டி, மாட்டுன்னா மாட்டு."

முதல் தடவையாக என்னைத் தோழி மாதிரி உரிமையோடு ஏட்டி என்கிறாள். புரோகிராமில் தொண்ணூறு போட்டேன். பேட்டரியை இணைத்து, மோட்டாரை நடுவில் நிறுத்தி, பல்லைப் பார்த்து மாட்டினேன். நேராகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டினாள். முடுக்கினேன்.

ரெஜிஸ்டரில் அடுத்த வரியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது கோழி கிளறிய மாதிரி இருந்தது. அவளுடையது அச்சடித்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.